கும்பினி பங்களாவில் ஒரு பகல்

வௌவால் எச்சமும் மக்கிய பஞ்சும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த ஒரு நெடி, அந்த வீட்டின் பெரிய கதவைக் காவல்காரன் தோளால் முட்டித் திறந்ததும் எங்கள் முகத்தில் வந்து மோதியது. வெளியே புரட்டாசி வெயில் கண்ணைப் பறித்துக்கொண்டிருக்க, உள்ளே தரை காலுக்குச் சில்லென்று இருந்தது. நான் அத்தாவின் ஜிப்பா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதுரைக்குக் கிழக்கே, வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டி ராமநாதபுரம் சாலையில் போனால், கருவேலங்காட்டுக்கு நடுவே தனியாக நின்ற அந்த வீட்டைச் சுற்றுப்பட்டு ஜனங்கள் ‘கும்பினி பங்களா’ என்பார்கள். கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பருத்திப் பண்ணை வைப்பதற்காகக் கட்டியது. பாளையக்காரர் சண்டை மூண்டபோது பண்ணையே பட்டாளத்தின் முகாமாகி, மூட்டை அடுக்கும் ‘கிட்டங்கி’யில் பிடிபட்ட ஆட்களை அடைத்து, வாசலுக்கு எதிரே இருந்த இலுப்பை மரத்தில் தூக்கில் போட்டார்கள் என்று சொல்வார்கள்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா போட்டோ பிடிப்பவர். முனிச்சாலையில் எங்கள் வீட்டின் முன்பக்க அறைதான் ஸ்டுடியோ. ‘போட்டோக்கார ராவுத்தர்’ என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கும் கடை திறப்புக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை, பண்ணையைக் கட்டிய வெள்ளைக்காரரின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு துரை, தன் மூதாதை வீட்டை மூலைமுடுக்கு விடாமல் படம் எடுத்துத் தரவேண்டும் என்று அழைத்திருந்தார். ‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஊரெல்லாம் கூவி, தந்திக் கம்பிகள் அறுபட்டு, தெருக்களில் துப்பாக்கி வெடித்து அடங்கியிருந்த சமயம் அது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காக உத்தமபாளையம் போயிருந்தாள். பதினோரு வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட்டுப்போக மனமில்லாமல் அத்தா என்னையும் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் படம் விழும் கண்ணாடி பிளேட்டுகள் இருந்த பெட்டியை மடியில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டே வந்தார். போலீஸ் வண்டி எதிர்ப்பட்ட இரண்டு மூன்று இடங்களில் எங்கள் வண்டிக்காரர் குதிரையை ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

துரை வயதானவர், மெலிந்தவர், அதிகம் பேசாதவர். தேக்குப் படிக்கட்டு, சாப்பாட்டு அறை, குதிரை லாயம் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே போனார். கிட்டங்கிச் சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள் பதித்திருந்தன. மாட்டுக்குக் கட்டும் வளையம் மாதிரி இருந்தாலும் அவை மாட்டுக்கான உயரத்தில் இல்லை. அத்தா அதைப் பார்த்துவிட்டு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். தோட்டத்து மூலையில் ஒரு கல்லறை. அந்தச் சண்டையில் செத்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயுடையது, இருபது வயதுகூட ஆகாதவன் என்று காவல்காரன் சொன்னான். துரை அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதையும் அத்தா படம் எடுத்தார். எதிரே இருந்த இலுப்பை மரத்தைத் துரை எடுக்கச் சொல்லவில்லை.

துரையின் நாய் என்னைக் கண்டு ஓயாமல் குரைத்ததால், நான் வெளி வாசலைத் தாண்டி அந்த மரத்தடிக்குத்தான் போனேன். அங்கே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கிராமத்து ஆட்கள். வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் அந்த மரத்தடியில் பொங்கல் வைத்துப் படைப்பது அவர்களுடைய வழக்கம். அந்த வருஷம் கூட்டம் கூடக் கூடாது என்று தண்டோரா போட்டிருந்தும், சாமி காரியத்துக்கு என்ன தடை என்று வந்துவிட்டார்கள். ஆனாலும் மேளம் கொண்டுவரவில்லை, குலவையிடவில்லை. எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண் என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

“யாரு பெத்த புள்ள நீ? வெயில்ல நிக்கிற?”

“போட்டோக்கார ராவுத்தர் மக.”

“அப்பிடியா தாயி, இங்கிட்டு வந்து நெழல்ல உக்காரு. இந்த மரத்துலதான் எங்க பூட்டனையும் அவரு கூடப்பொறந்தவகளையும் தொங்கவிட்டான். அம்புட்டுப் பேரும் சின்ன வயசு.”

“ஆத்தா, சின்னப் புள்ளகிட்ட இதப் போயி சொல்லிக்கிட்டு” என்று அவளைத் தடுத்தபடி, அவளுடைய மகன் மண்டவெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து என் கையில் கொடுத்தான். அவள் பெயர் விருமாயி, அவன் பெயர் வீரணன் என்பதெல்லாம் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டதிலிருந்து தெரிந்தது. நான் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பானையில் நுரை கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் பொங்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. லாரி சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்திருப்பதற்குள் காக்கி உடைகள் மரத்தைச் சுற்றி வளைத்து நின்றன. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பிரம்பை உயர்த்தி, “எவனும் அசையக் கூடாது. ஓடுனா சுடுவேன்” என்றார். நான் பங்களாப் பக்கம் ஓடப் பார்த்தேன். விருமாயி என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “அசையாதே தாயி, அசையாதே” என்று மூச்சுக்குள் சொன்னாள். 

போலீசார் வந்த காரணம் அவர்கள் சத்தம் போட்டுப் பேசியதிலேயே புரிந்துவிட்டது. சிலைமான் பக்கம் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை அறுத்தவர்கள், தடுக்க வந்த ஒரு ரயில்வே கேட்காரனை அடித்துப் போட்டிருந்தார்கள்; அவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்று போலீசுக்குச் சந்தேகம். கேட்காரன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். நடக்க முடியாது, ஆனால் முகத்தைக் கண்டால் அடையாளம் சொல்வேன் என்றிருந்தான். இத்தனை பேரையும் பிடித்துப்போய் அடைக்க லாக்கப்பில் இடமில்லை, எல்லாம் நிறைந்து வழிந்தது. என்ன செய்வது என்று ஏட்டிடம் பேசிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் கண்ணில், கல்லறைக்குப் பக்கத்தில் முக்காலியில் நின்ற கேமரா பட்டது.

“யோவ் ராவுத்தரே! அந்தப் பொட்டியத் தூக்கிட்டு இங்க வாய்யா.”

அத்தா கேமராவோடு வந்தார். கேட்காரனிடம் காட்டுவதற்குக் கூட்டத்தைப் படம் எடுக்கவேண்டும் என்று கேட்டதும், “பிளேட்டு மிச்சமில்லீங்க” என்றார். இன்ஸ்பெக்டர் பிரம்பால் பிளேட் பெட்டியைத் தட்டித் திறக்கச் சொல்ல, அதில் ஒன்று மீதியிருந்தது. “வெளிச்சம் எதிரா அடிக்குதுங்க, மூஞ்சி கறுத்துப் போகும்” என்றார் அத்தா. இன்ஸ்பெக்டர் பிரம்பை நீட்டி, கூட்டம் முழுவதையும் மரத்தின் மறுபக்கம் சூரியனைப் பார்த்தபடி நிற்கவைத்தார். வெள்ளைக்காரத் துரை தாழ்வாரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா அவர் பக்கம் திரும்பியபோது, அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதுவரை அத்தா என்னைக் கவனிக்கவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோதுதான், கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த கூட்டத்தின் முன்வரிசையில், விருமாயிக்கும் வீரணனுக்கும் நடுவே தன் மகளைப் பார்த்திருக்கிறார். துணிக்குள்ளிருந்து அவர் வெளியே வர நெடுநேரமாயிற்று. இன்ஸ்பெக்டர் பூட்ஸ் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தா வெளியே வந்து என்னைப் பார்த்தார். ‘அத்தா’ என்று கூப்பிட வாயெடுத்தவளை அந்தப் பார்வை அப்படியே நிறுத்திவிட்டது.

இந்த இடத்தில் அந்தக் காலத்துக் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கண்ணாடி பிளேட் ஒரு தட்டையான பெட்டிக்குள் இருக்கும். அதைக் கேமராவின் பின்னால் செருகியபின், பெட்டியின் மூடித் தகட்டை மேலே இழுக்க வேண்டும். அப்போதுதான் பிளேட்டில் வெளிச்சம் படும். அப்படி இழுத்ததும், எதிரே நிற்பவர்களுக்குக் கேமராவின் தலைக்குமேல் அந்தக் கறுப்புத் தகடு எட்டிப் பார்ப்பது தெரியும். பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றி, எண்ணி, மறுபடி மூடுவார்கள். தவழ்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அத்தா பெட்டியைச் செருகினார். லென்ஸ் மூடியைக் கழற்றினார். எப்போதும் வாய்க்குள் எண்ணுகிறவர் அன்று “ஒண்ணு... ரெண்டு...” என்று எல்லார் காதிலும் விழும்படி உரக்க எண்ணினார். மூடியைப் போட்டார். கேமராவின் தலைக்குமேல் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் பயத்தில் ஒடுங்கிப்போனேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் என்று தோன்ற, தலையைக் குனிந்துகொண்டேன். “படம் கையில இருக்கு. எவன் எவன்னு தெரிஞ்சதும் ஊருக்குள்ள வருவோம்” என்று சொல்லி இன்ஸ்பெக்டர் கூட்டத்தைக் கலையச் சொன்னார். ஜனங்கள் சட்டி பானைகளைக்கூட எடுக்காமல் நகர்ந்தார்கள். விருமாயி என் கையை விடும்போது நான் அவள் சேலையை இழுத்து, “எங்க அத்தா படம் எடுக்கல” என்று முணுமுணுத்தேன். அவள் என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு அத்தாவைப் பார்த்தாள். “ஒங்கப்பன் எண்ணுனது எனக்குக் கேக்கலயாக்கும்” என்று சொல்லி, காறித் தரையில் துப்பிவிட்டு மகனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது ஜட்காவில் ஒரு போலீஸ்காரனும் ஏறிக்கொண்டான். பிளேட் பெட்டி இப்போது அவன் மடியில் இருந்தது. நானும் அத்தாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தெப்பக்குளத்தின் படிகளில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்களையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இருட்டறையில், சிவப்பு விளக்கடியில், போலீஸ்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அத்தா பிளேட்டுகளைக் கழுவினார். படிக்கட்டு வந்தது, லாயம் வந்தது, இரும்பு வளையங்கள் ஒவ்வொன்றாக வந்தன, கல்லறை வந்தது. கடைசி பிளேட் வெறும் கண்ணாடியாக வெளியே வந்தது. ஸ்டுடியோவில் காத்திருந்த இன்ஸ்பெக்டர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“வீடு விழுந்திருக்கு. சமாதி விழுந்திருக்கு. ஆளு மட்டும் விழலியோ?”

“பழைய பிளேட்டுங்க. யுத்தம் வந்ததுக்கப்புறம் புதுச் சரக்கே வரல. ஒண்ணு ரெண்டு இப்பிடிச் செத்துப்போகுதுங்க.”

இன்ஸ்பெக்டர் அத்தாவின் காதோடு சேர்த்து அறைந்த சத்தம், கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. அன்று சாயங்காலம் அவரையும் கேமராவையும் கொண்டுபோனார்கள். மறுநாள் அத்தா நடந்தே திரும்பி வந்தார். அதன்பிறகு இடது காதில் அவருக்குக் கடைசிவரை சரியாகக் கேட்கவில்லை. கேமரா யுத்தம் முடிந்தபிறகுதான் வந்தது. அதன் தோல் துருத்தியை எலி கடித்திருந்தது. துரை ஆள் அனுப்பித் தன் வீட்டுப் படங்களை மட்டும் வாங்கிக்கொண்டார், வேறொன்றும் விசாரிக்கவில்லை.

அடியைவிட அத்தாவை வருத்தியது வேறொன்று. கிழக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவர்கள் முனிச்சாலை வழியாகத்தான் வருவார்கள். ‘போலீசுக்குப் போட்டோ பிடிச்சுக் கொடுத்த ராவுத்தர்’ என்று எங்கள் வாசலைக் காட்டிப் பேசிக்கொண்டு போவது அம்மாவின் காதில் விழும். “நீங்க எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்று அவள் அழுவாள். “ஒரு வாய்க்குச் சொன்னா ஊர் வாய்க்குப் போகும். அங்கேருந்து டேசனுக்குப் போகும். அவுங்களுக்குத்தான் ஆபத்து” என்பார் அத்தா. கேட்காரன் குணமாகித் தன் ஊரோடு போய்விட்டான். படம் இல்லாததால் அந்த வழக்கும் அமுங்கிப்போனது. கல்யாணப் படங்களுக்கு ஜனங்கள் வேறு கடைகளைத் தேடிப் போனார்கள். அத்தா வாயைத் திறக்கவில்லை.

சுதந்திரம் வந்து ஓரிரு வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் காலையில் விருமாயி எங்கள் வாசலில் வந்து நின்றாள். அடையாளமே தெரியாமல் வற்றிப்போயிருந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் படியிலேயே உட்கார்ந்தாள்.

“ஒங்களத் திட்டித் தீத்தவ நானு. இப்ப ஒங்ககிட்டயே கேட்டு வந்திருக்கேன்” என்று தொடங்கினாள். பங்களாவில் படம் எடுத்த அன்று இருட்டுவதற்குள் வீரணன் ஊரை விட்டு ஓடிவிட்டான். அவன் கம்பியை அறுத்தானா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. படத்தில் முகம் விழுந்துவிட்டது என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பட்டாளத்தில் வேறு பெயரில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனான் என்று ஒருவர் சொன்னார், மலையில் தோட்ட வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்தான் என்று இன்னொருவர் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் ஊரிலேயே இருந்தார்கள், அவர்களை யாரும் தொடவில்லை.

“வெள்ளக்காரன்தான் போயிட்டானே, இனி அந்தப் படத்த வச்சு யாரு என்ன செய்யப் போறா? அதுல என் மகன் நிக்கிறான். வேற படமே அவனுக்கு இல்ல. அதக் குடுங்கய்யா. மூஞ்சி மறந்து வருது.”

அத்தா என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன், அந்தத் தகட்டை அவர் இழுக்கவே இல்லை, படம் விழவும் இல்லை என்று. 

“நீயி... அன்னைக்கே சொன்னியே தாயி. எங்கிட்டத்தானே சொன்னே.”

பிறகு, மிகவும் மெதுவாக, “அப்ப அவன் ஓடியிருக்க வேண்டாமா?” என்று கேட்டாள்.  தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்க உட்கார்ந்திருந்தாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை.

“அந்தத் துணிக்குள்ள தலைய விட்டுப் பாத்தீகளே, அதுல அவன் தெரிஞ்சானா?”

“தெரிஞ்சான்மா. தலகீழாத் தெரியும். ஆனா நல்லாத் தெரிஞ்சான்.”

“எப்பிடி நின்னான்?”

அத்தா படியில் அவளுக்குப் பக்கத்தில், நல்ல காதை அவள் பக்கம் வைத்து உட்கார்ந்துகொண்டார். அவன் துண்டைத் தலையில் கட்டாமல் தோளில் போட்டிருந்தான் என்றார். வெயிலுக்கு இடது கண்ணைச் சுருக்கியிருந்தான், புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, மீசை அப்போதுதான் கறுக்க ஆரம்பித்திருந்தது, மற்றவர்களெல்லாம் போலீசைப் பார்த்துக்கொண்டிருக்க அவன் மட்டும் நேரே லென்ஸைப் பார்த்தான் என்றார். “ஆமா, கெணத்துல விழுந்த தழும்பு அது” என்றாள் அவள். அத்தா சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அத்தா சொன்னார்.

அவள் போனபிறகு அத்தாவிடம் கேட்டேன்: “அந்தக் கூட்டத்துல நான் இல்லாட்டி, படம் எடுத்திருப்பீங்களா அத்தா?” “தெரியலம்மா” என்றார். 

இப்போது அந்தச் சாலை அகலமாகிவிட்டது. இலுப்பை மரம் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்ல ஆளில்லை. கும்பினி பங்களாவின் கல்லையும் தேக்கையும் ஏலத்தில் எடுத்துப் போனார்களாம்; அந்த இடத்தில் லாரிகள் நிறுத்துகிறார்கள். அத்தா எடுத்த படங்கள் மட்டும் கடலுக்கு அப்பால் ஏதாவது ஒரு வீட்டுச் சுவரில் இருக்கக்கூடும். படிக்கட்டும் லாயமும் கல்லறையும் அவற்றில் துலக்கமாக இருக்கும். ஆள் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். அத்தாவும் போய்விட்டார், விருமாயியும் போயிருப்பாள். வீரணன் பக்கத்தில் நின்றவர்களில் அநேகமாக நான் ஒருத்திதான் மிச்சம். அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன். தழும்பு என்றால் அத்தாவின் குரல்தான் வருகிறது, முகம் வருவதில்லை. அவன் தோள் என் தலையில் உரசுகிற நெருக்கத்தில்தான் அன்று நின்றேன். ஆனால் நான் அவனைப் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுவதும் அத்தாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.